டைனமோ மீது பழி போடும் முன்

ராலிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. கொல்கத்தாவில் ஒரு வீட்டு ஷெட்டில் 1960-களின் அம்பாசடர் ஒன்று புதுப் பெயின்ட்டில் பளபளக்கிறது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்குதான் அடம்பிடிக்கிறது. வேகத்தைக் கூட்டினால் ஒரு கணம் அணைந்து, மறுகணம் பளிச்சென்று எரிகிறது. மறுநாள் காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது. மெக்கானிக் அதிகம் யோசிக்கவில்லை. "டைனமோ போய்விட்டது. மல்லிக் பஜாரில் ஒரு ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டிவிடலாம்" என்கிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தீர்ப்பு இது. சிக்கல் என்னவென்றால், பல சமயங்களில் குற்றவாளி டைனமோ அல்ல. நிரபராதியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு, அதே போல நல்ல நிலையில் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

உத்தர்பாரா ஆலையில் 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. அதன் ஆரம்பகால மாடல்களில் பேட்டரியை சார்ஜ் செய்வது டைனமோ. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இரண்டு காவலர்கள். ரெகுலேட்டர், வோல்டேஜ் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்கிறது. கட்-அவுட், டைனமோ போதிய வோல்டேஜ் தரும்போது மட்டும் அதைப் பேட்டரியோடு இணைக்கிறது. எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டிக்கிறது. இல்லாவிட்டால் பேட்டரி, டைனமோ வழியாகவே காலியாகிவிடும். சிவப்பு விளக்கின் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை டைனமோ பக்கம். இரு பக்கமும் வோல்டேஜ் சமமானால் விளக்கு அணையும். வித்தியாசம் இருந்தால் எரியும். எந்தப் பக்கம் அதிகம் என்று அது சொல்லாது. மெக்கானிக்குகள் தடுமாறுவது இங்கேதான்.

உண்மையைக் கண்டறிய ஒரு வோல்ட் மீட்டரும் அரை மணி நேரமும் போதும். முதலில் ஃபேன் பெல்ட். விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டைனமோவில் இருக்கும் 'டி', 'எஃப்' ஒயர்களைக் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் கூட்டுக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைக்க வேண்டும். எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டும்போது முள் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடக் கூடாது. முள் அசையவே இல்லையென்றால் கார்பன் தேய்ந்திருக்கலாம். 1 வோல்ட் அளவில் நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலில் கோளாறு. 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில்.

கொல்கத்தா அம்பாசடரில் முள் தயங்காமல் 20-ஐ எட்டுகிறது. டைனமோ விடுதலை.

அடுத்து, அந்த இரு ஒயர்களும் பெட்டி வரை அறுபடாமல் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். போகின்றன. மிச்சமிருப்பது பெட்டியின் 'இ' முனை, அதாவது எர்த். அதன் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், அடியில் புத்தம்புதுப் பெயின்ட்! காரை அழகாக்கியவர்கள் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை.

இரு காவலர்களின் காயில்களும் இந்த முனை வழியாகத்தான் எர்த்தைத் தொடுகின்றன. அது இல்லாவிட்டால் கட்-அவுட் மூடாது. பேட்டரிக்கு மின்சாரம் போகாது. ரெகுலேட்டரும் தூங்கிவிடும், டைனமோவின் வோல்டேஜ் கட்டுப்பாடின்றி ஏறும். அணைந்த விளக்கு மறுபடியும் எரிந்ததன் ரகசியம் இதுதான். டைனமோ செத்ததால் அல்ல, அளவுக்கு மீறி உழைத்ததால். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அது சூடேறி உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கும்.

பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை முறுக்கியதும் விளக்கு ஒழுங்காக அணைகிறது. எர்த் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால்தான் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். கட்-அவுட் முனைகளைத் துடைக்க நைசான உப்புத்தாள் போதும். எமரித் தாள் ஆகாது.

ஆல்டர்னேட்டருக்கும் நியாயம் இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் அதிகம் தர முடியாது. ஹெட்லைட் எரிய, நெரிசலில் நின்று நின்று தினமும் ஓட்டுபவருக்கு அது போதாது. ஆனால் 2021-ல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து 'வின்டேஜ்' எனப் பதிவான கார்களை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. ராலி, கண்காட்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் அவை சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலை ராலிக்குப் பழைய டைனமோவே தாராளம்.

சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. டைனமோவைப் பற்றிப் பேச்சில்லை. அதைக் காப்பாற்றும் பொறுப்பு சொந்தக்காரருடையது. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் வோல்ட் மீட்டரை எடுப்பவருக்கு அது பெரிய பாரமில்லை.