பிக்கப்பைத் தூக்கி நிறுத்தினால் மலை ஏறிவிடுமா?

கணியம்பாடியில் ரோட்டோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். இரண்டு விதமான பிக்கப்கள் கண்ணில் படும். ஒன்று தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி நிறுத்தியது. யானைக்கால் டயர், கூரை மேல் லைட் வரிசை, மூக்குப் பக்கம் இரும்புக் குழாய். சேறு என்றால் என்ன என்று கேட்கும் அளவுக்குச் சுத்தம்! இன்னொன்று புளி மூட்டையோ சாமை மூட்டையோ ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் சாதாரண லோடு பிக்கப். இதில் எது ஆஃப்ரோடு வண்டி என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முதல் வண்டியைத்தான் காட்டுவார்கள். எனக்கு எரிச்சலே அங்கேதான் ஆரம்பம்.

வண்டியைத் தூக்கினால் கல்லில் அடி இடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஈர்ப்பு மையத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 140 செ.மீ., ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1 வரும். மையம் 7 செ.மீ. மேலே போனால் அது 0.91 ஆகிவிடும். அதாவது, பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் திறனில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போச்சு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் மலை வளைவில் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் உயிர்.

டயர் கதையும் இதே கதைதான். 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 32 அங்குலம் மாட்டினால், ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். சக்கரம் ரோட்டைத் தள்ளும் விசையும் சுமார் ஒன்பது சதவீதம் குறையும். மேடு ஏறத்தானே ஐயா டயர் மாற்றினீர்கள்? ஏறும் சக்தியையே குறைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே! போதாததற்குப் பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் அதிகம் பாடுபட வேண்டும். இறக்கத்தில் அது எங்கே கொண்டு போய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் பிரேக். அப்புறம் அதே அளவில், ஆழமான பூ உள்ள நல்ல டயர். கரடுமுரடான இடத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் தரையை அகலமாகப் பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பிவிட வேண்டும், அதனால் வண்டியில் ஒரு காற்றடிக்கும் பம்ப் இருக்கட்டும். மூன்றாவது, இன்ஜின் ஆயில் தொட்டியைக் கல்லிலிருந்து காக்க அடியில் ஒரு இரும்புத் தகடு. நான்காவது, சேற்றில் மாட்டினால் இழுக்க சேசிஸோடு சேர்ந்த உறுதியான கொக்கி, நல்ல கயிறு. நம்மூர் லோடு பிக்கப் பெரும்பாலும் பின்சக்கரம் மட்டும் உந்தும் வண்டி. பின்னால் காலியாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் இல்லாமல் சும்மா சுற்றும். நாலு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு மேல் கட்டி வைத்தால் பிடிமானம் வரும். லட்ச ரூபாய் செலவு செய்தவர்களுக்கு இந்த நாலு மூட்டை தோன்றுவதே இல்லை :-)

கடைசியாக ஓட்டுநர். ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள் பழைய டிரைவர்கள். நியூட்ரலில் உருட்டி பிரேக்கைச் சூடாக்குகிறவன் கையில் எந்த வண்டி கொடுத்தாலும் ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் அந்த இரும்புக் குழாய்க்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் நடந்து போகிறவனுக்கும் ஆபத்து, வண்டிக்குள் இருப்பவனுக்கும் ஆபத்து. ஆனாலும் ஊரெங்கும் ஓடுகிறது. காசு இருப்பவனுக்குச் சட்டம் வளையும் போல....

இப்போது மலைக்கு வருவோம். 2022 ஏப்ரல் 2-ஆம் தேதி, இதே ஜவ்வாது மலையில் புதூர்நாடு பக்கம் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அடுத்த ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை சேராமல் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதியில் நின்றுவிட, தாய் குழந்தையைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். ஆஃப்ரோடு என்பது இங்கே ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு இல்லை நண்பர்களே, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி!

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சரியான சட்டம்தான். நின்றுகொண்டு வரும் முப்பது பேர், நான் மேலே சொன்ன ஈர்ப்பு மையத்தை எந்த லிஃப்ட் கிட்டும் தூக்காத உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். ஆனால் பஸ் விடாமல், ரோடு போடாமல், 'ஏறாதே' என்று மட்டும் சொன்னால் அவர்கள் எதில் போவார்கள்? ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வண்டியை மாற்றினால் பொறியாளர் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். இங்கேயும் மலை வண்டிகளுக்கு அப்படி ஒரு வழி வைக்கலாமே. பிரேக், டயர், அடித்தகடு, பெல்ட்டோடு கூடிய இருக்கை, இத்தனை பேர்தான் என்ற கணக்கு, வருடம் ஒருமுறை சோதனை. ரோடும் பஸ்ஸும் வரும் வரைக்காவது.

அதுவரை, லைட் வரிசைக்குக் காசு எண்ணிக்கொண்டிருக்கும் அண்ணன்களுக்கு ஒரே வேண்டுகோள். அந்தக் காசில் முதலில் பிரேக் லைனிங்கை மாற்றுங்கள். மிச்சம் இருந்தால் டயர் வாங்குங்கள். அதற்கும் மேல் மிச்சம் இருந்தால்.... கயிறு வாங்கி வையுங்கள். பள்ளத்தில் இறங்கின மலைக்காரர் வண்டியை இழுக்க உதவும்.