பழத் தட்டும் தயிர்க் குழைவும்

வீட்டில் ஒரு விசேடம் என்றால் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவது நம்மவர் வழக்கம். வடையும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் விருந்துக்கு அழகுதான். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆயினும், விறாந்தையில் உறவினர் கூடி மகிழ்ந்திருக்க, வீட்டுத் தலைவி மட்டும் அடுப்பருகே வியர்த்து நிற்பதையும், நீரிழிவு உடைய பெரியவர் பலகாரத் தட்டை மறுத்துவிட்டு வெறுங்கையுடன் அமர்ந்திருப்பதையும் நாம் எத்தனையோ வீடுகளிற் காண்கிறோம். இவ்விரு குறைகளையும் ஓரளவு நீக்கவல்லது பழத் தட்டு.

பன்னிரண்டு பேருக்கு நறுக்கிய பழம் 2 கிலோ போதும். ஆனி, ஆடி மாதங்களாயின் கறுத்தக் கொழும்பான் மாம்பழம். மற்றக் காலங்களில் பப்பாசி, அன்னாசி, கதலி வாழைப்பழம், மாதுளை முத்துக்கள் என முற்றத்திலும் சந்தையிலும் கிடைப்பவற்றைக் கொள்ளலாம். விலையுயர்ந்த பிறநாட்டுப் பழங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இனித் தயிர்க் குழைவு. கெட்டித் தயிர் 1 லீற்றரைத் தூய வெள்ளைத் துணியிற் கட்டி, ஒரு வடிதட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 மணி நேரம் வடியவிடுக. நீர் நீங்கியபின் எஞ்சும் வெண்ணெய் போன்ற தயிருடன் தூளாக்கிய பனங்கட்டி 3 மேசைக்கரண்டி, ஏலப்பொடி ஒரு சிட்டிகை, துருவிய தேசிக்காய்த் தோல் சிறிது சேர்த்துக் குழைத்திடுக. பனங்கட்டி சேர்க்குமுன் ஒரு சிறு கிண்ணம் தயிரை வேறாக எடுத்து வைத்தல் நன்று. அது நீரிழிவு உடையோர்க்கு.

குழைவைப் பழத்தின்மேல் ஊற்றாது தனிக் கிண்ணத்தில் வைப்பது ஏன் என மாணவர் வினவலாம். அன்னாசியில் உள்ள நொதியம் பாலின் புரதத்தைச் சிதைப்பது. பச்சை அன்னாசியும் தயிரும் கலந்து நெடுநேரம் இருந்தால் தயிர் நீர்த்துக் கசந்துவிடும். உண்ணும்போது தொட்டுக்கொள்வதால் இத்தீங்கு நேர்வதில்லை. நறுக்கிய வாழைப்பழம் கறுப்பதும் நொதியத்தின் செயலே. காற்றிலுள்ள ஒட்சிசன் அதற்குத் துணை செய்கிறது. தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பும் உயிர்ச்சத்து சி யும் அதனைத் தாமதப்படுத்தும். ஆதலின் வாழைப்பழத்தை இறுதியாக நறுக்கி, சில துளி சாறு தெளித்திடுக.

தூய்மையில் சிறிதும் தளர்தல் ஆகாது. பழங்களைத் தோலுடன் கழுவிய பின்னரே வெட்டுதல் வேண்டும். மீன், இறைச்சி வெட்டிய பலகையைத் தொடலாகாது. நறுக்கிய பழத்தையும் தயிரையும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தல் கூடாது. கடும் வெயிற் காலத்தில் 1 மணி நேரமே எல்லை. ஆகவே பாதியைக் குளிரில் வைத்து, தட்டு குறையும்போது நிரப்புவதே முறை.

பழத்திலும் சீனி உண்டு என்பதை மறத்தலாகாது. நீரிழிவு உடையோர் மருத்துவர் கூறிய அளவிலேயே உண்ணல் வேண்டும். எனினும், பழச்சாற்றைவிட முழுப் பழம் அவர்க்கு ஏற்றது. அதிலுள்ள நார், சீனி இரத்தத்தில் விரைந்து கலப்பதைத் தடுக்கும்.

நறுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கும் தந்தையர்க்கும் பங்கிட்டால் அரைமணி நேரத்தில் தட்டு ஆயத்தமாகும். பின்னர் அன்னையும் வந்து விருந்தினருடன் அமரலாம்; வெறுங்கையுடன் இருந்த பெரியவரும் ஒரு துண்டு எடுக்கலாம். அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் ஒருங்கிருந்து உண்பதன்றோ விருந்து!