புரோமோ கோடை வீசாதீர்கள், கையில் கொடுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, இணையக் குழு ஒன்றில் சேர்ந்த சில நாட்களிலேயே "என் புரோகிராம் உங்களுக்கு இலவசம், இதோ புரோமோ கோட்" என்ற அறிவிப்பு உங்கள் கண்ணில் படும். புரோமோ கோட் என்பது எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சிறு குறியீடு. ஆப் ஸ்டோரிலோ பிளே ஸ்டோரிலோ அதை டைப் செய்தால், காசு கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கோட் ஒருவருக்குத்தான்.

இவை அள்ள அள்ளக் குறையாதவை அல்ல. ஒரு புரோகிராமின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆப்பிள் 100 கோட்கள் வரைதான் தருகிறது. பெற்ற 4 வாரங்களில் அவை காலாவதியாகிவிடும். கூகுள் பிளேயில் ஒருமுறை பயன்படும் கோட்கள் மூன்று மாதத்துக்கு 500 வரை. மிச்சமானால் அடுத்த கணக்கில் சேராது.

சில வருடங்களுக்கு முன், வீட்டு வரவு செலவு எழுத ஒரு சிறு புரோகிராம் தயாரித்தேன். ஒரு குழுவில் 50 கோட்களையும் வரிசையாக ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "தம்பி, 17 கோட்களை டைப் செய்து பார்த்தேன். எதுவும் வேலை செய்யவில்லை. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?" தப்பு அவருடையதல்ல, என்னுடையது.

'முந்தியவருக்குக் கிடைக்கும், இதில் என்ன அநியாயம்?' என்று கேட்கலாம். முந்துவது யார்? எந்நேரமும் திரைமுன் இருப்பவரும், கோட்களைத் தானாகப் பொறுக்கும் புரோகிராம்களும்தான். வேலை முடிந்து இரவில் கம்ப்யூட்டரைத் திறப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பந்தியில் பாயசத்தை இலை இலையாகத்தானே பரிமாறுகிறோம்? அண்டாவை நடுவில் வைத்துவிட்டுப் போவதில்லையே.

எனவே புரோகிராம் எழுதும் நண்பர்களே, முதலில் குழுவை நடத்துபவரிடம் அனுமதி கேளுங்கள். இது உங்கள் சொந்தத் தயாரிப்பு என்பதை மறைக்காதீர்கள். எத்தனை கோட்கள், எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதுங்கள். இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, கேட்டவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தனிச்செய்தியில் ஆளுக்கு ஒன்று அனுப்புங்கள். தீர்ந்ததும் 'தீர்ந்துவிட்டது' என்று மறக்காமல் அறிவியுங்கள்.

கோடுக்குப் பதிலாக ஐந்து நட்சத்திரம் கேட்பது கூடவே கூடாது. ஆப்பிள், கூகுள் இரண்டுமே இதைத் தடை செய்துள்ளன. விளையாட்டுகள் விற்கும் ஸ்டீமில், 2016 செப்டம்பர் முதல், வெளியே பெற்ற கீயைக் கொண்டு விளையாடியவர்களின் விமர்சனங்கள் மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை. நட்சத்திரம் விலைக்குக் கிடைத்தால், அதை நம்பி வாங்கும் புதியவர்தான் ஏமாறுவார்.

வாசகர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. தேவையில்லாத கோடை வாங்கி வைக்காதீர்கள், விற்காதீர்கள். கோட் தருகிறேன் என்று பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே விலகுங்கள். இலவசமாகப் பெற்றதற்கு ஈடாக, புரோகிராமில் உள்ள ஒரு குறையை எழுதியவருக்குத் தெரிவியுங்கள். என் போன்றவர்களுக்கு ஐந்து நட்சத்திரத்தை விட அது பெரிது.