சவர்க்கார நாடகமும் நெருக்கடிக் காலமும்

நெருக்கடிக் காலத்தில் வணிகம் பிழைப்பது எப்படி என்ற வினா எழும்போதெல்லாம் சந்தைப்படுத்தல் கற்பிப்போர் ஒரு கதையைச் சொல்வர். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க நிறுவனங்கள் பல விளம்பரச் செலவைக் குறைத்தன. புறொக்டர் அன்ட் காம்பிள் என்னும் சவர்க்கார நிறுவனமோ வானொலியிலே தொடர்நாடகம் நடத்தியது. மக்கள் மகிழ்ந்தனர், நிறுவனம் பிழைத்தது. ஆகவே நீங்களும் மக்களை மகிழ்வியுங்கள் என்பது உபதேசம். இக்கதை பொய்யன்று, பாதியை மறைத்துச் சொல்லப்படுவது.

1933இல் 'மா பேர்கின்ஸ்' என்னும் நாடகம் ஒக்ஸிடோல் சலவைத்தூளின் பேரில் ஒலிபரப்பாகத் தொடங்கியது. அவ்வாண்டில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார். மரக்காலை நடத்தும் கைம்பெண் ஒருத்தியின் குடும்பக் கதை அது. பகலில் வீட்டிலிருக்கும் பெண்களே அதைக் கேட்போர். சலவைத்தூளை வாங்குவோரும் அவர்களே. பகல்நேர ஒலிபரப்புக் கட்டணமோ மாலை நேரத்தைவிட மலிவு. கதை நாளைக்கும் தொடரும். பொருளின் பெயரும் நாளைக்கும் காதில் விழும். இதில் மகிழ்விப்பைவிடக் கணக்கல்லவா மேலோங்கி நிற்கிறது! மேலும், சோறில்லாத வீட்டிலும் அழுக்குத் துணி உண்டு. வேலையிழந்தவன் மோட்டார் வண்டி வாங்குவதை ஒத்திப்போடலாம். சவர்க்காரம் வாங்குவதை எத்தனை நாள் ஒத்திப்போடுவான்? நாடகம் சவர்க்காரத்தைக் காப்பாற்றியது என்பவர்கள், நாடகத்தைத் தாங்கி நின்றது சவர்க்காரமே என்பதை ஏன் சொல்வதில்லை?

இவ்விடத்தில் எங்கள் கலைப்பீட நண்பர்கள் கைதட்டக்கூடும். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் வகுத்த 'பண்பாட்டுத் தொழிற்றுறை' என்ற தொடரை உச்சரித்துவிட்டால் போதும், கேட்போர் யாவரும் இவர்களுக்கு ஏமாளிகளாகிவிடுவர். ஹேர்ட்டா ஹேர்சொக் என்ற ஆய்வாளர் அவ்வாறு முடிவுகட்டவில்லை. நியூயோர்க் பகுதியில் நூறு பெண்களை நேரிற்கண்டு வினவி 1941இல் எழுதினார். 1944இலும் அவ்வாய்வைத் தொடர்ந்தார். மனம்விட்டு அழுவதற்கு ஓரிடம், கிட்டாத வாழ்வைக் கனவுகாண ஒரு வழி, சொந்தச் சிக்கலுக்கு ஓர் அறிவுரை ஆகியவற்றை அப்பெண்கள் நாடகத்திலே தேடினர். (பின்னாளில் ஹேர்சொக் விளம்பர நிறுவனமொன்றிலேயே பணியாற்றினார் என்பது வேறு கதை.) தேவை உண்மையானது. அதை நிறைவு செய்ய வேறு எவர் நிலைத்து நின்றனர்? அரசாங்கம் 1935இல் தொடங்கிய கூட்டாட்சி நாடகத் திட்டத்துக்கான நிதியைக் காங்கிரஸ் 1939இல் நிறுத்திவிட்டது. மா பேர்கின்ஸ் 1960 வரை ஓடியது. சலவைத்தூள் வியாபாரி கலைக்கு ஆதரவளித்ததில் நமக்குச் சினம் வரலாம். கேட்ட பெண்களை இகழ நமக்கென்ன உரிமை?

இனி அந்த உபதேசம் நம் நாட்டில் இறக்குமதியாகும் விதத்தைப் பார்ப்போம். 1933இல் அமெரிக்கக் கடைகளில் பொருள் இருந்தது; வாங்குவோரிடம் பணமில்லை. 2022இல் இலங்கையிலோ அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். கடைக்காரனிடம் விற்கப் பொருளில்லை. முன்னையது கேள்வியின் வீழ்ச்சி, பின்னையது நிரம்பலின் முறிவு. பொருளியல் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் வேறுபாடு இது. வாங்குவோனைக் கவர்ந்திழுக்கும் உத்தியை, வாங்குவோனுக்குப் பதில் சொல்ல இயலாது நிற்கும் சிறுகடைக்காரனுக்கு எழுதிக் கொடுப்பது எந்த வைத்தியம்? அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பாட்டுப் போட்டி வைத்து வாடிக்கையாளரைச் சேர்க்குமாறு அவனுக்குச் சொல்வோர், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.