ஓடுவோரின் கைக்கடிகாரம்

விடியற்காலையிலே காலிமுகத்திடலிலோ சுதந்திரச் சதுக்கத்திலோ ஓடி முடித்து நிற்பவரைச் சற்றே உற்று நோக்குங்கள். முகத்து வியர்வையைத் துடைக்குமுன் அவர் தமது மணிக்கட்டையே பார்க்கின்றார். எத்தனை கிலோமீற்றர் ஓடினோம், எத்தனை நிமிஷம் சென்றது, நெஞ்சு எத்தனை முறை அடித்தது என்பவற்றையெல்லாம் அங்கே கட்டியிருக்கும் சிறு கடிகாரம் சொல்லிவிடுகின்றது. நேரம் பார்ப்பதற்கென்று ஏற்பட்ட பொருள் இன்று தூரமும் பார்க்கின்றது, நாடியும் பார்க்கின்றது.

இந்த ஜீ.பீ.எஸ். கடிகாரங்களைப் பற்றி எழுதுமாறு நேயர்கள் சிலர் எம்மைக் கேட்டிருக்கின்றனர். கனடாவிலுள்ள மைத்துனர் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொல்கின்றார், எதனை அனுப்பச் சொல்வது என்பது ஒருவர் வினா. மகன் கேட்கும் கடிகாரத்தின் விலை எங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுக்குச் சமமாயிருக்கின்றதே, வாங்கத்தான் வேண்டுமா என்பது ஒரு தாயாரின் வினா. இரண்டாவது வினாவே எமக்குப் பெரிதாகப் படுகின்றது. அதற்கு மறுமொழி கூறுமுன், இக்கடிகாரம் காட்டும் எண்களுள் எவை அளந்து கண்டவை, எவை ஊகித்துச் சொன்னவை என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். எல்லா எண்களும் ஒரே கண்ணாடியில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு தோன்றுவதனால் வரும் மயக்கமே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கச் செய்மதிகள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றது. அந்தச் சமிக்ஞை எம்மை வந்தடையச் செக்கனில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு செல்லும். வந்த நேரத்தைக்கொண்டு செய்மதி எவ்வளவு தொலைவில் உள்ளதென்று கடிகாரம் கணக்கிடுகின்றது. இடத்தை அறிய மூன்று செய்மதிகள் போதும் என்று தோன்றலாம். ஆனால் எமது கையிலுள்ள கடிகாரத்தின் நேரம் செய்மதியிலுள்ள அணுக்கடிகாரத்தைப் போல் நுட்பமானதன்று. அதனைத் திருத்திக்கொள்ள நான்காவது செய்மதியும் தேவையாகின்றது. ஒரு செக்கனைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும்! இவ்வளவு நுட்பமான கணக்கைச் சட்டைப் பொத்தானளவு கருவியொன்று செய்வது வியக்கத்தக்கதே.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில், பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையிலே அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீற்றர் வரை தவறிக் காட்டும். அந்தத் தடை நீங்கிய பின்னரே ஓடுவோர்க்கு இது பயன்படலாயிற்று; கார்மின் நிறுவனத்தின் ‘ஃபோர்ரன்னர்’ கடிகாரங்கள் 2003இல் வெளிவந்தன. இன்றைய கடிகாரங்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய செய்மதிகளையும் சேர்த்துக் கேட்கின்றன. எனினும் சில மீற்றர் பிழை இன்னும் உண்டு.

சில மீற்றர்தானே என்று எண்ணலாம். கடிகாரம் எமது பாதையைப் புள்ளிபுள்ளியாகக் குறித்து, அப்புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தே தூரத்தைக் கூட்டுகின்றது. புள்ளிகள் இங்குமங்கும் தள்ளாடினால் நேரான வீதியும் வளைந்த வீதியாகித் தூரம் கூடும். வளைவான இடத்திலே கோடு குறுக்கே பாய்ந்தால் தூரம் குறையும். மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் பாதையை அளப்போர், கணக்கிடும் கருவி பூட்டிய சைக்கிளில் ஏறி, வளைவுகளிலே வீதியோரக் கல்லிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியாகவே அளந்துவருகின்றனர். அப்படி அளந்தும், பாதை குறைந்துவிடலாகாதென்று ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டிவிடுவது வழக்கம். ஆக மொத்தம் 42 மீற்றர் அதிகம். ஓடுகின்றவரோ முன்னே செல்பவரைச் சுற்றியும், தண்ணீர் மேசையை நாடியும், நெளிந்து நெளிந்து செல்கின்றார். அவர் கடிகாரம் 42.195க்கு மேல் காட்டாதிருந்தால்தான் அதிசயம். பந்தயம் முடிந்ததும் பாதை நீளமென்று அமைப்பாளரோடு வழக்கிடுவோர் சிலர் உளர். சைக்கிளில் அளந்தவரின் சொல்லையே நாம் நம்புவோம்.

இடத்தைப் பொறுத்தும் பிழை வேறுபடும். திறந்த வெளியில் ஓடுபவர்க்கு வானம் முழுவதும் தெரியும்; மலிவான கடிகாரமும் நன்றாகவே காட்டும். யாழ்ப்பாணத்து வயல்வெளி வீதிகளிலே ஓடும் ஒருவர் இதற்கென்று பெரும்பணம் செலவிட வேண்டுவதில்லை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வழியே ஓடுபவரின் நிலை வேறு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள். அவை வானத்தின் ஒரு பாதியை மறைப்பதோடு, சமிக்ஞையைச் சுவரில் மோதித் திரும்பியும் வரச்செய்கின்றன. சுற்றி வந்த சமிக்ஞை நேரே வந்ததைவிடத் தாமதமாகும். தாமதமாகவே, கடிகாரம் எம்மைக் கடலுக்குள் ஓடவைத்துவிடும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கடிகாரங்கள் இத்தகைய இடங்களிலே ஓரளவு நன்றாய்ச் செய்கின்றன. அவை பற்றரியையும் சற்று விரைவாகக் குடிக்கும்.

இனி, பயன்படுத்தும் முறையைச் சொல்வோம். வீட்டுக்குள்ளே நின்று பொத்தானை அழுத்திவிட்டு வெளியே பாய்ந்தோடுவது பலர் வழக்கம். கடிகாரம் செய்மதிகளைக் கண்டுபிடித்து ஆயத்தம் என்று அறிவிக்கும் வரை திறந்த வெளியில் ஒரு நிமிஷம் பொறுத்து நிற்றல் வேண்டும். முதல்நாளே கைத்தொலைபேசியோடு அதனை இணைத்து வைத்தால், செய்மதிகள் எங்கெங்கே இருக்கும் என்னும் குறிப்பை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும். தேடும் நேரம் குறையும். ஓடும்போது அந்தக் கணத்து வேகத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்து ஓடுவதை விட்டுவிடுங்கள். அது கிலோமீற்றருக்கு 5 நிமிஷம் என்று சொல்லி, அடுத்த மரத்தடியில் 6 நிமிஷம் என்று சொல்லும். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சராசரி வேகத்தைக் காட்டுமாறு அமைத்துக்கொள்வதே நன்று. கடிகாரத்தின் நாணயத்தைச் சோதிக்க விரும்புவோர், முறையாக அளக்கப்பட்ட 400 மீற்றர் ஓடுபாதை அருகில் இருக்குமாயின், உட்புறத்து முதலாவது ஓடுகூற்றில் பத்துச் சுற்று ஓடிப் பார்க்கட்டும். சரியாக 4 கிலோமீற்றர். கடிகாரம் சொல்வதற்கும் இதற்குமுள்ள வித்தியாசத்தை மனத்திற் குறித்துக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் உதவும்.

தூரம் பிழைத்தால் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நாடித்துடிப்பின் செய்தி அத்தகையதன்று.

கடிகாரத்தின் அடிப்புறத்திலே பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வொளி தோலுக்குள் சென்று, இரத்தம் பெருகும்போதும் வடியும்போதும் வெவ்வேறளவாகத் திரும்பி வருகின்றது. அதைக்கொண்டு துடிப்பை எண்ணுகின்றது கடிகாரம். பட்டி தளர்ந்திருந்தால், அல்லது கடிகாரம் மணிக்கட்டு எலும்பின்மேலேயே இருந்தால், எண்ணிக்கை தவறும். எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டவேண்டும். சிலவேளை காலடி ஓசையையே நாடியென்று எண்ணிவிடுவதும் உண்டு. நிமிஷத்துக்கு 170 அடி வைத்து ஓடுபவரின் நெஞ்சு 140 தரம் அடித்தாலும் 170 என்று காட்டிப் பயமுறுத்தும். துல்லியம் வேண்டுவோர் நெஞ்சிலே கட்டும் பட்டியை வாங்குவதே தகும்.

துடிப்பை ஒருவாறு சரியாக எண்ணினாலும், அது அதிகமா குறைவா என்று தீர்ப்புச் சொல்லும்போது கடிகாரம் ஊகத்தில் இறங்கிவிடுகின்றது. 220இல் வயதைக் கழித்தால் வருவது ஒருவரின் உச்சத் துடிப்பு என்பது பழைய கணக்கு. வயதைப் பத்தில் ஏழாகப் பெருக்கி 208இல் கழிப்பது 2001இல் வெளிவந்த கணக்கு. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே சொல்கின்றன. அறுபது வயதில் ஒன்று 160 என்கின்றது, மற்றது 166 என்கின்றது. உண்மையில் ஒரே வயதினருள்ளும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடியும் குறைந்தும் இருப்பது சர்வசாதாரணம். வாங்கிய அன்று வயதை எழுதியதும் கடிகாரம் பெரும்பாலும் இத்தகைய கணக்கொன்றையே எடுத்துக்கொண்டு, இது இலேசான ஓட்டம், இது கடுமையான ஓட்டம் என்று நிறந்தீட்டிக் காட்டுகின்றது. இரத்த அழுத்தத்துக்காகவோ இருதயத்துக்காகவோ பீற்றா புளொக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்கு இந்த நிறங்கள் சற்றும் பொருந்தா. அம்மாத்திரைகள் துடிப்பை உயரவிடுவதில்லை. அவர்கள் உடல் மிகவும் களைத்த நிலையிலும் கடிகாரம் இன்னும் விரைந்து ஓடலாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இத்தகையோர் வைத்தியரைக் கேட்டே ஓட்டத்தின் அளவை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

எமது நாட்டுக் காலநிலையும் இங்கே குறுக்கிடுகின்றது. கொழும்பிலே விடியற்காலைக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு 80க்கு மேல். வியர்வை வழிகின்றதேயன்றி உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பவேண்டியிருப்பதனால், அதே வேகத்தில் ஓடினாலும் நெஞ்சு அதிகம் அடிக்கின்றது. கடிகாரமோ வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டே எமது உடல் வலிமைக்கு ஓர் எண் தருகின்றது. வெப்பத்துக்கு ஈடு செய்யும் கணக்குச் சில கடிகாரங்களில் உண்டு. இல்லாதவை, உமது வலிமை குறைந்துவிட்டது என்று பங்குனி சித்திரையிலே கூசாமற் சொல்லிவிடும். அதைக் கண்டு மனம் வருந்திய இளைஞன் மறுநாள் இன்னும் கடுமையாக ஓடுகின்றான். தலை சுற்றல், குமட்டல், பேச்சுத் தடுமாற்றம், கால் பின்னுதல் ஆகியவை வெப்பம் உடலை வெல்லத் தொடங்கியதன் அடையாளங்கள். அவ்வேளையில் கடிகாரம் என்ன காட்டினாலும் நின்றுவிடவேண்டும்; நிழலுக்குச் சென்று உடலை நனைத்துக் குளிர்விக்கவேண்டும்; புத்தி தடுமாறினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். விலையுயர்ந்த சில கடிகாரங்கள் இருதயத்தின் மின்னோட்டத்தையும் வரைந்து காட்டுகின்றன. அவை துடிப்பின் ஒழுங்கீனம் ஒன்றைக் கண்டுபிடிக்க உதவுமேயன்றி மாரடைப்பை அறியமாட்டா. நெஞ்சு நோவோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்தானது.

இப்போது அந்தத் தாயாரின் வினாவுக்கு வருவோம். மகன் ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் வாங்க வேண்டாம். அவனது கைத்தொலைபேசியிலும் செய்மதியைக் கேட்கும் கருவி இருக்கின்றது. சாதாரண இலக்கக் கடிகாரமும், தூரம் தெரிந்த ஒரு பாதையும் இருந்தாற்கூடப் போதும்; உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர் பலர் அவ்வாறே பயின்றனர். கையிலுள்ள பணத்தை முதலிலே நல்ல சப்பாத்துக்குச் செலவிடுங்கள். மூன்று நான்கு மாதம் மழையிலும் பனியிலும் விடாது ஓடினானாயின், அவன் கேட்பதிலே நியாயம் உண்டு. அப்போதும் புதிதாய் வந்ததை வாங்கவேண்டுமென்பதில்லை. புதியது வந்ததும் அதற்கு முந்தியதன் விலை இறங்குவது வழமை. ஓடுபவனுக்கு வேண்டிய யாவும் அதிலே இருக்கும். பாட்டு, வரைபடம், பணம் செலுத்தும் வசதி என்பனவெல்லாம் விலையை ஏற்றுமேயன்றி வேகத்தை ஏற்றா.

மைத்துனரிடம் சொல்லி அனுப்புவோர்க்குச் சில குறிப்புகள். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை பணிவதில்லை. ஆகவே பொத்தான்கள் உள்ளதைக் கேளுங்கள். மின்னேற்றும் கம்பி பெரும்பாலும் அந்தந்தக் கடிகாரத்துக்கே உரியது. தொலைந்தால் இங்கே கிடைப்பது அரிது. இரண்டாகவே அனுப்பச் சொல்லுங்கள். அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் வாங்குமுன் விசாரிக்கட்டும். 50 மீற்றர் என்று பொறித்திருப்பது நீரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவைக் குறிப்பது. அதை நம்பி ஆழ்கடலில் முக்குளிக்க எண்ணவேண்டாம். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரிலே கழுவித் துடைத்தால் உப்பு வியர்வை அரிக்காது. தோலிலே தினவும் வராது.

நாள்தோறும் 10,000 அடி என்று இக்கடிகாரங்கள் பல வற்புறுத்துகின்றனவே, அது எவ்வாறு வந்தது தெரியுமா? 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியொன்றின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்பது. வைத்தியர் எவரும் ஆராய்ந்து விதித்த எல்லையன்று.

பெண்பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். ஓடிய பாதையைக் கடிகாரம் கைத்தொலைபேசிக்கு அனுப்ப, அங்கிருந்து அது பலரும் பார்க்கும் இடத்துக்குச் சென்றுவிடலாம். ஸ்திராவா என்னும் நிறுவனம் தன்னைப் பயன்படுத்துவோரின் பாதைகளையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலகப்படம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்து, பாலைவனங்களிலுள்ள இராணுவ முகாம்களின் உருவம் அதிலே ஒளிர்வதை எடுத்துக்காட்டினார். அங்கே ஓடிய சிப்பாய்களின் கடிகாரங்களே அவற்றை வரைந்திருந்தன. ஒவ்வொரு நாளும் ஒரே வாசலிலே தொடங்கி ஒரே வாசலிலே முடியும் கோடு, வீட்டையும் புறப்படும் நேரத்தையும் அந்நியர்க்குச் சொல்லாதிருக்குமா? பாதையைத் தாம் மட்டும் பார்க்கும்படி அமைக்கவும், தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கவும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதனைச் செய்துவிடுங்கள்.

அண்ணன் புதிதாய் ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. கொடுக்குமுன் உள்ளே இருப்பவற்றையெல்லாம் அழித்து, தம்பியின் வயதையும் நிறையையும் புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லையேல் பதினாறு வயதுப் பையன் முப்பது வயதுக்காரனின் நெஞ்சைக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான்.