துடைப்பம் பிடித்த கை சமைத்தால்

நைஜல் ஸ்லேட்டர் பிரிட்டனின் பேர்பெற்ற உணவு எழுத்தாளர். 2003-ல் வந்த அவருடைய பால்ய நினைவு நூல் 'டோஸ்ட்'டை 2010-ல் பிபிசி படமாக்கியது. ஒன்பது வயதில் தாயை இழந்த சிறுவனின் துயரம் உண்மையானது. அதோடு நமக்குச் சண்டையில்லை.

சண்டை, மிஸஸ் பாட்டரை அந்தப் படம் நடத்தும் விதத்தோடு. வீடு துடைக்க வந்து, பிறகு சிறுவனின் தந்தையை மணந்தவர் அவர். படம் அவர்மேல் சுமத்தும் குற்றங்கள் என்ன? சிகரெட், கொச்சைப் பேச்சு, அரசுக் குடியிருப்புக்காரி என்ற முத்திரை. ஆனால் அந்த வீட்டில் முதன்முதலாக ருசியாகச் சமைத்தவரும் அவர்தான். பெற்ற தாய் டப்பா உணவைச் சூடாக்கித் தந்தால் அது பாசம். இவர் எலுமிச்சை மெரிங்கு பை செய்தால் அது சூழ்ச்சியாம்!

பையன் அவரோடு போட்டி போட்டே சமையல் கற்றான். முடிவில் பையன் கலைஞன், அவரோ கேலிச்சித்திரம். அவருடைய மகள்கள் இந்தச் சித்திரிப்பை மறுத்தார்கள். அந்த மறுப்பை யார் படமாக்கினார்கள்?

அங்கே இருப்பது வர்க்கம், சாதியல்ல. ஆனால் அந்த முகச்சுளிப்பு நமக்குப் பழக்கமானது. 2018-ல் திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளியொன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்களே! கூட்டினால் சரி, சமைத்தால் தீட்டு.

உணவு நினைவுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து உண்டவர்கள். மராத்தியில் ஷாஹு பாடோளே 2015-ல் தலித் மக்களின் உணவையே நூலாக்கி அந்த வரிசையை உடைத்தார். மிஸஸ் பாட்டர்களும் எழுதட்டும். யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்பது அப்போது தெரியும்.