மரத்தில் தொங்கிய சோற்றை வடித்தது யார்?

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நினைவுப் பலகைக்கு முடிவான பெயர்ப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. ஆவணத்தில் உள்ளவர்களை மட்டுமே சேர்த்ததாக முடிவெடுத்தவர்கள் சொல்கிறார்கள். ஆவணம்தான் அளவுகோல் என்றால் ருக்மிணி லட்சுமிபதி எங்கே? 1930-இல் இதே மண்ணில் உப்புச் சட்டத்தை மீறி ஓராண்டு சிறை சென்றவர் அவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைப்பட்ட முதல் பெண். 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் மாகாணத்தின் சுகாதார அமைச்சர். 1997-இல் அவருக்கு அஞ்சல் தலையே வெளிவந்தது. அவர் வெளியூர்க்காரர் என்று தட்டிக்கழிக்க முடியாது. தலைமை தாங்கிய ராஜாஜி பிறந்தது ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில்.

ருக்மிணிக்காவது ஏடுகள் உண்டு. நம் மனம் ஆறாதது அடுப்படியில் நின்றவர்களை நினைத்துத்தான். ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ 100 தொண்டர்கள் 240 கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மேடைதோறும் மெய்சிலிர்க்கச் சொல்லும் கதை இது. நூறு வயிற்றுக்கு உலை வைத்து, கஞ்சி வடித்து, சூடு ஆறுமுன் இலையில் மடித்து நார் சுற்றிய கைகள் யாருடையவை? அன்றைய வீடுகளை அறிந்தவருக்கு இதற்குச் சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பெண்களின் பெயர் போலீஸ் ஏட்டில் இல்லைதான். அவர்கள் பிடிபடவில்லை, அதனால் இல்லை. ஒளித்துச் செய்த வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தவர்களை, அந்த ஒழுங்கையே காரணம் காட்டி வரலாற்றிலிருந்து நீக்குவது அநியாயம்.

எளியவர்களைப் பலகையில் ஏற்றினால் பட்டியல் நீளும் என்பதும் பொருந்தாது. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போன வைரப்பனை ஊர் இன்றும் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். தொழிலாளி ஒருவரின் மறுப்புக்கு உள்ள மதிப்பு, சிறைக்கு அஞ்சாமல் உலை வைத்தவளுக்கு ஏன் இல்லை? இதே பொறுப்பில் இருப்பவர்கள் முன்பும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் மாலை போட்டார்கள், மலர் வெளியிட்டார்கள். அந்தக் கிழவிகள் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வெயிலில் காய்ந்த பெண்களின் கதையையும் அப்படியே விட்டார்கள். தவறவிட்டவர்களே இன்று ஆதாரம் கேட்கிறார்கள்.

பட்டியலைத் திரும்பப் பெற்று, ஊராரை அழைத்துப் பேசி, உரிய வழி காண வேண்டும். கல்லில் எழுத்து இன்னும் வெட்டப்படவில்லை.